மூன்றாவது கையெழுத்து

பதினொரு நொடி.

அந்த அம்மாள் தராசுத் தட்டில் காசை வைத்ததற்கும் வாயைத் திறந்ததற்கும் இடையில் அவ்வளவு நேரம் ஆயிற்று. எண்ணியவன் நான். எண்ணாமல் இருந்திருக்கலாம்... ஆனால் எதைத்தான் நான் எண்ணாமல் விட்டிருக்கிறேன்? போன வாரம் என் பல்வலியைப் பற்றி எழுதியதற்குப் பதினேழு கடிதங்கள் வந்தன. ஒன்பது பேர் கிராம்பு வைக்கச் சொன்னார்கள். ஐந்து பேர் உப்பு நீர். மூன்று பேர், 'வயசு அப்படி' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள். வாரம் தவறாமல் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என் வியாதி தெரியும்.

இந்த வாரம் பல்லைவிட மோசமான ஒன்று வலிக்கிறது.

சம்பவம் நடந்தது இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, நெய்யாற்றின்கரையில் ஒரு வீட்டின் முன்னறையில். ஜன்னலோரம் ஒரு மேஜை. மேஜைக்கு அந்தப் பக்கம் சுலோசனா டீச்சர். இந்தப் பக்கம் இரண்டு கிழவர்கள் – ஒருவர் என் நண்பர் ஞானதாஸ், இன்னொருவன் நான். நடுவே, கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு குட்டித் தராசு. அதன் தட்டில் ஞானதாஸின் தங்க வராகன், சங்கு முத்திரை போட்ட பழைய திருவிதாங்கூர்க் காசு.

ஞானதாஸ் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காஞ்சிரங்குளத்துக்காரர். என்னைவிட நாலு வயது மூத்தவர், எழுபத்திரண்டு. கள்ளிக்காடு லைனில் பதினோரு வருஷம் டிக்கெட் கிழித்திருக்கிறார். அந்தக் காலத்தில் மலையடிவாரத்துக் கிழவிகள் முடிச்சை அவிழ்த்து, செல்லாத திருவிதாங்கூர் வெள்ளிக் காசைத் தயங்காமல் நீட்டுவார்களாம். மற்ற கண்டக்டர்கள் சண்டை போட்டார்கள். இவர் தன் பையிலிருந்து செல்லும் காசைப் போட்டுவிட்டு, செல்லாததை வீட்டுக்குக் கொண்டுபோனார். இப்படித்தான் ஒரு மனிதனுக்குப் பைத்தியம் பிடிக்கிறது.

இப்போது அந்த மனிதருக்கு இரண்டு கண்ணிலும் புரை. வராகன் கையில் இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். அதில் சங்கு இருக்கிறது என்று நினைவுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிவது மஞ்சளாக ஒரு புள்ளி.

அதை விற்க வேண்டிய நிலை வந்தது மகன் ஜெபராஜால். அவன் மேல் தப்பில்லை. குவைத் யுத்தத்தில் ஒரு பையோடு ஓடி வந்தவர்களில் அவனும் ஒருவன். வந்து மூன்று வருஷமாகச் சும்மா இருக்கிறான். பாறசாலை ஜங்ஷனில் ஒரு எஸ்.டி.டி. பூத் போட இடம் பார்த்துவிட்டான், முன்பணத்துக்கு வழியில்லை. ஞானதாஸிடம் நல்ல விலை போகிற பொருள் என்று இருந்தது அந்த ஒரே ஒரு காசு. திருவனந்தபுரத்தில் வாங்குவதற்கு ஆளும் இருந்தார். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: 'டீச்சரின் சீட்டோடு வந்தால் நீங்கள் கேட்ட விலை. சீட்டு இல்லையென்றால் என் விலை.'

சுலோசனா டீச்சர் உண்மையில் டீச்சர் இல்லை. ஒரு அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். படித்த பெண்மணி யாராக இருந்தாலும் எங்கள் பக்கத்தில் டீச்சர்தான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நெய்யாற்றின்கரையில் தங்கை வீட்டுக்கு வருவார். காசு கொண்டுவருகிறவர்களுக்குப் பார்த்துச் சொல்வார். காசை வாங்க மாட்டார், விற்க மாட்டார், வாங்குகிறவரிடமும் விற்கிறவரிடமும் கமிஷன் பேச மாட்டார். எடை போட்டு, லென்ஸில் பார்த்து, தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் காசை அடைத்து, தன் சீட்டையும் உள்ளே வைத்து ஒட்டிவிடுவார். நல்ல காசு என்று சொன்னாலும் ஒரே கட்டணம். கெட்ட காசு என்று சொன்னாலும் அதே கட்டணம்.

இந்தக் கடைசி விஷயத்தை நான் முதலில் கேட்டபோது மனதுக்குள் எழுந்து நின்று ஒரு சல்யூட் வைத்தேன். காரணம் உண்டு.

முப்பத்தொரு வருஷம் நான் எடை அளவு இன்ஸ்பெக்டர். கடைகடையாகப் போய்த் தராசையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துவது என் வேலை. கடைக்காரருக்கு என்னைப் பிடிக்காது. அரிசி வாங்க வருகிறவருக்கு என்னைத் தெரியவே தெரியாது. ஆனால் படிக்கல்லின் அடியில் நான் குத்திய முத்திரை இருப்பதால் இரண்டு பேரும் சண்டை போடாமல் வீட்டுக்குப் போனார்கள். எனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தேன்: முத்திரை குத்தும் கடையில் டீ குடிப்பதில்லை. குத்துவதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. "சாறுக்கு இஞ்சத்த டீ பிடிக்காது போல" என்று கேலி செய்வார்கள்; எங்கள் பக்கத்தில் சார் என்பது சாறு. செய்யட்டும். ஒரு கிளாஸ் டீ எத்தனை கிராம் எடை இழுக்கும் என்று எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவனுக்குப் பதினொரு நொடி ஏன் வலிக்க வேண்டும்?

அதற்கு எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கம் என்பது பெரிய வார்த்தை. காசு சேர்க்கும் ஆறு பேர். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் தொடங்கினோம். இரண்டாம் சனிக்கிழமைகளில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் பின்னறையில் கூடுவோம். காசுக்குக் காசு மாற்றிக்கொள்வோம். மாற்றும்போது சண்டை வரக் கூடாது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். காசை ஒரு சின்னக் காகித உறையில் போடுவது. உறையின் மேல் உத்தமம், மத்திமம், அதமம் என்று தரம் எழுதுவது. அதன் கீழ் மூன்று கையெழுத்து. கொடுப்பவர் ஒன்று, வாங்குபவர் ஒன்று. மூன்றாவது, அந்தப் பரிமாற்றத்தில் கொடுக்காத வாங்காத ஒருவர்.

என் காசு கைமாறாத போதெல்லாம் மூன்றாவது ஆள் நான்தான். சொந்தமாக நுண் தராசு வைத்திருந்தவன் நான் ஒருவன். இன்ஸ்பெக்டர் வேறு. இன்றைக்கு ஆறு பேரில் நாலு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன் – மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு உறைகளில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நானூற்றுப் பதினொன்றை எடை போட்டேன்.

எடை போடாத அந்த ஒன்றுதான் மேஜை மேல் இருந்தது.

முப்பத்துமூன்று வருஷத்துக்கு முந்தைய கதை. கிராம் எடை வந்த புதிது. அன்று வராகனைக் கொண்டுவந்தவர் தங்கப்பன் – பெருங்கடவிளையில் தடிக்கடை என்கிற மரக்கடை வைத்திருந்தவர், எங்கள் ஆறு பேரில் ஒருவர். எல்லாவற்றுக்கும் மேல், என் மனைவி சரோஜத்தின் அண்ணன். வராகனைக் கொடுத்துவிட்டு, பதினோரு வருஷம் பஸ்ஸில் சேர்த்த நாற்பத்துநாலு வெள்ளிக் காசுகளை ஞானதாஸிடமிருந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. ஞானதாஸ் வெள்ளிக் காசுப் பையை அப்போதே மேஜையில் கவிழ்த்துவிட்டார். நான் வழக்கம்போலப் பையிலிருந்து தராசுப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தேன். கொக்கியைக்கூடத் திறந்துவிட்டேன்.

தங்கப்பன் சிரித்தார். "என்ன அளியா... எனக்க காசுக்குமா தராசு? நம்ம வீட்டுச் சொத்தாக்கும் இது. ஒமக்கு இனி சரோஜத்தையும் எடை போட்டுப் பாத்தாத்தான் ஒறக்கம் வருமோ?"

ஆறு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெட்டியின் கொக்கியை மாட்டினேன். 'உத்தமம்' என்று எழுதியிருந்த உறையில் மூன்றாவது கையெழுத்தைப் போட்டேன். லென்ஸைக் கூட எடுக்கவில்லை.

அந்தக் காசில் கோளாறு இருக்கிறது என்று அன்று எனக்குத் தெரியுமா? தெரியும் என்று சொன்னால் பொய். தெரியாது என்று சொன்னாலும் முழு உண்மை இல்லை. மச்சான் பெட்டியைத் திறக்க விடவில்லை என்பதைக் கவனித்தேன். கடைகளில் இப்படி ஒருவர் தடுத்தால் நான் இரண்டு தடவை எடை போடுவேன்.

இனி அந்தப் பதினொரு நொடிக்கு வருவோம்.

டீச்சர் தராசைப் பார்த்தார். காசை இடுக்கியால் எடுத்து, லென்ஸை வைத்து, விளிம்பை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார். சங்கின் தலைக்கு மேலே வந்ததும் சுற்றுவது நின்றது.

"எந்தா டீச்சரே, மிண்டாட்டம் இல்லையே?" என்றார் ஞானதாஸ். "காசு நல்ல காசாக்கும். உறையில நம்ம இன்ஸ்பெக்டர் சாறுக்க ஒப்பு உண்டு."

முப்பத்தைந்து வருஷமாக நான் அவருக்கு இன்ஸ்பெக்டர் சாறு. அவர் எனக்குக் கண்டக்டர்.

"காசு அசல்தான்" என்றார் டீச்சர். "தங்கமும் சரிதான். பட்சே... எடை கொஞ்சம் கூடுதல். இந்த இடத்தில பாருங்க, தங்கத்துக்க நிறம் வேற. பற்ற வச்சு எடுத்திருக்கு. அரம் வச்சு ராவின தடமும் உண்டு. இது மாலையில கிடந்த காசு."

காசுமாலையில் கோப்பதற்குக் காசின் தலையில் ஒரு சின்ன வளையத்தைப் பற்றவைப்பார்கள். பிறகு வளையத்தை வெட்டி எடுத்து, அரத்தால் தேய்த்து, ஒன்றுமே நடக்காத மாதிரி காட்டலாம். கண்ணுக்குத் தெரியாது. தராசுக்குத் தெரியும். என் பழைய தராசுக்கே தெரிந்திருக்கும்.

"அதனால என்ன டீச்சரே? தங்கம் தங்கந்தானே?"

"தட்டானுக்குத் தங்கம். சேகரிக்கிறவங்களுக்கு இது காயம்பட்ட காசு. வாங்குறவர் மூன்றில் ஒரு பங்குதான் தருவார். நான் உள்ளத எழுதித்தான் ஆகணும்." உறையைத் திருப்பிப் பார்த்தார். "உத்தமம்னு எழுதி மூணு கையெழுத்து இருக்கே... இது யாரு பரிசோதிச்சது?"

நான் என் செருப்பைப் பார்த்தேன். வலது வாரில் நாலு தையல்.

எனக்குப் பதிலாக ஞானதாஸ்தான் பேசினார். அப்போது அவர் சொன்னதுதான் என்னை இத்தனை நாளும் தின்றுகொண்டிருக்கிறது.

"அப்போ எனக்க கையில வந்த பெறவு நடந்ததாக்கும் இது" என்றார். "சாறு ஒப்பு வச்சப்போ இது சுத்தம். அவரு கல்லுக்க எடை பாத்து முத்திரை குத்துன மனுசன், சும்மா போடமாட்டாரு. எனக்க பெட்டிச் சாவி இருக்கித எடம் ரோசம்மைக்கு மட்டுந்தான் தெரியும்."

ரோசம்மாள் அவர் மனைவி. இறந்து நாலு வருஷமாகிறது.

"மோளுக்க கல்யாணத்துக்கு மாலையில ஒரு காசு கொறையுதுண்ணு பொலம்பிக்கிட்டு கெடந்தா. இத எடுத்துக் கோத்திருக்கா. கல்யாணம் கழிஞ்சதும் வளையத்த வெட்டித் திருப்பி வச்சிட்டா." என் பக்கம் திரும்பினார். "நாப்பத்தொரு வருஷம் கூட இருந்தவ... எனக்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா, சாறே?"

பாருங்கள். ஒரு மனிதனுக்கு முன்னால் இரண்டு சாட்சி. ஒன்று, நாற்பத்தொரு வருஷம் சோறு போட்ட மனைவி. மற்றது, காகித உறையில் நீல மையில் என் கையெழுத்து. கையெழுத்தைத்தான் நம்பினார். ஏன் நம்ப மாட்டார்? அதற்காகத்தானே அதைப் போட்டோம்! ஒரு முத்திரை விழுந்துவிட்டால் பிறகு யாரும் காசைப் பார்ப்பதில்லை, முத்திரையைப் பார்க்கிறார்கள். ஞானதாஸ் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தக் காசை வெளியே எடுத்துத் தடவிப் பார்ப்பார். முப்பத்துமூன்று கிறிஸ்துமஸ். கண் நன்றாக இருந்த காலத்தில்கூட லென்ஸ் வைத்துப் பார்க்கவில்லை. சாறு பார்த்தாயிற்றே!

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

டீச்சர் என்னை ஒரு தரம் பார்த்தார். அவர் இரண்டு பேரின் பக்கமும் இல்லாதவர். ஆகையால் எல்லாம் தெரிந்தது போல. சீட்டில் எழுதினார்: 'அசல். வளையம் பற்றவைத்து நீக்கப்பட்டது.' டப்பாவில் வைத்து ஒட்டினார். கட்டணம் வாங்கிக்கொண்டார். நல்ல காசுக்கு வாங்கும் அதே கட்டணம்.

ஞானதாஸைக் கையைப் பிடித்து பஸ் ஏற்றி, காஞ்சிரங்குளம் வரை கூடப் போனேன். பதினான்கு ஸ்டாப். எப்போதும் பஸ்ஸில் ஏறினால் இன்றைய கண்டக்டர்களைப் பற்றி ஏதாவது நக்கல் அடிப்பார். அன்று விசில் சத்தம் கேட்டும் தலையை நிமிர்த்தவில்லை. இறங்கும்போது மட்டும் சொன்னார்: "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே சாறே. அவளுக்குக் குடுக்காத காசா?"

வீட்டுக்கு வந்து சரோஜத்திடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"உங்க அம்மை காசுமாலையில் எத்தனை காசு இருந்தது?" என்று கேட்டேன்.

கத்தி நின்றது.

"எனக்க அண்ணன் செத்து ஒம்பது வருஷம் ஆவுது. அவன இப்போ எதுக்கு எழுப்புதிய?"

"எத்தனை காசு?"

"அரிசியில கெடக்கித கல்ல எண்ணுத மனுசன். கறிவேப்பிலைக்க எலைய எண்ணுத மனுசன். அண்ணைக்கு மட்டும் எண்ணாம என்னத்துக்கு இருந்திய? இப்போ வந்து எனக்கிட்ட கணக்குக் கேக்குதிய?"

அவளே கிழங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அண்ணன் கல்யாணத்துக்கு அம்மை போட்டப்போ இருபத்தொண்ணு. நம்ம மூத்தவளுக்கு இருபத்தெட்டாம் நாளு அரையில நூலு கெட்ட அம்மை வந்தப்போ இருபது. ஆத்துல குளிக்கப் போன எடத்துல விழுந்து போச்சுண்ணு அம்மை நெனச்சா. சாவுத வரைக்கும் அந்த ஆத்தத் திட்டிக்கிட்டே கெடந்தா."

எங்கள் மூத்தவளுக்கு வயது முப்பத்துநாலு. தங்கப்பன் வராகனை மேஜையில் வைத்தது அவள் பிறந்ததற்கு அடுத்த வருஷம். கணக்கு நேர்.

"இது அண்ணைக்கே ஒனக்குத் தோணலியா?"

"தோணிச்சு. நீங்க ஒப்பு வச்சிட்டிய. நீங்க ஒப்பு வச்சா அது வேற காசாத்தான் இருக்கும்ணு நெனச்சேன்."

சொல்லிவிட்டுத் தோலை அள்ளிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த எட்டு நாட்கள் நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். ஒன்றும் செய்யவில்லை. செத்தவர் பெயரை ஏன் கெடுக்க வேண்டும் என்று யோசித்தேன். அதுவும் மனைவியின் அண்ணன். ஞானதாஸுக்குத் தெரிந்தால் மட்டும் பூத் வந்துவிடுமா? திருவனந்தபுரத்துக்காரர் விலையை ஏற்றுவாரா? காரணங்கள் வரிசையாக வந்தன. ஏழு காரணம். எல்லாமே நல்ல காரணம். எட்டாவது நாள் ஒரு விஷயம் உறைத்தது: ஏழிலும் நான் காப்பாற்றப் பார்த்தது தங்கப்பனை இல்லை, என் ஒப்பை.

போன ஞாயிறு மதியம் காஞ்சிரங்குளம் போனேன். ஜெபராஜ் வாசலில் நின்றிருந்தான். பூத் போச்சு, இப்போது வேறு யாருடைய பூத்திலோ பில் கிழித்துக் கொடுக்கப் போகிறான்.

"வாங்க மாமா" என்றான். "அப்பனுக்கு என்ன ஆச்சுண்ணு தெரியேல்ல. ஆராதனை முடிஞ்சதும் அம்மைக்க கல்லறைக்கு ஒரு செம்பருத்திப் பூ கொண்டுபோவாரு. மழையிலயும் போவாரு. ரெண்டு ஞாயிறா போவல்ல. கேட்டா கடிக்க வாறாரு."

நாலு வருஷம். ஏறத்தாழ இருநூறு ஞாயிறு. இரண்டு மட்டும் நின்றிருக்கிறது. என் பெயரில் எழுத வேண்டிய இரண்டு.

ஞானதாஸ் உள்ளே நாற்காலியில் இருந்தார். காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்தார். "ஆரு, சாறா? கேறி வாங்க. மோளே, சாறுக்கு ஒரு டீ எடு." அடுப்படியில் மருமகள் பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்டது.

நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லாமல் போய்விடுவேன் என்று பயம். தராசுப் பெட்டியைத் திறந்ததைச் சொன்னேன். மூடியதைச் சொன்னேன். மச்சான் சொன்னதையும் ஆறு பேர் சிரித்ததையும் சொன்னேன். இருபத்தொன்று இருபதானதைச் சொன்னேன்.

முடித்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ ரோசம்மை எடுக்கல்ல?"

"இல்லை."

"ஒறப்பா?"

"உறுதியாக. அவங்க தொடவே இல்லை."

அவர் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன். அது வரவில்லை. பெரிய சுமையை இறக்கி வைத்த மாதிரி மூச்சு விட்டார். பிறகுதான் மெல்ல, படிப்படியாக, அந்த முகம் என் பக்கம் திரும்பியது.

"கள்ளிக்காடு பஸ்ஸில ஒரு கள்ள டிக்கெட் மாட்டினா என்ன செய்வோம் தெரியுமா?" என்றார். "அந்த ஒரு ஆள எறக்கி விட்டாப் போதாது. பஸ்ஸ நிப்பாட்டி எல்லா டிக்கெட்டையும் மறுபடி பாக்கணும்." மேஜை இழுப்பறையைத் தடவித் திறந்தார். உள்ளே ரப்பர் பேண்டு போட்ட உறைகள், கட்டுக் கட்டாக. "எனக்கிட்ட இருக்கித எல்லாத்தையும் அந்த டீச்சருக்குக் காட்டணும். ஜெபா கூட்டிக்கொண்டு போவான்."

"மற்றதெல்லாம் எடை போட்டது, கண்டக்டரே. சத்தியமாக. நோட்டில் இருக்கிறது."

"இருக்கும்."

அந்த ஒரு வார்த்தையில் என் நானூற்றுப் பதினொரு எடையும் போயிற்று. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு கல்லுக்குப் பொய் முத்திரை குத்தியவன் மற்றக் கல்லுக்கெல்லாம் எப்படிக் குத்தியிருப்பான் என்று கேட்பது நியாயம். நானே எத்தனை கடைக்காரரிடம் அதைக் கேட்டிருக்கிறேன்!

வராகன் இருந்த காலி உறையை எடுத்து நீட்டினார். "இதில நீங்க போட்ட ஒப்ப வெட்டுங்க."

பேனாவை எடுத்து வெட்டினேன். ஒரே கோடு. மூன்று பெயரில் கடைசிப் பெயர் போயிற்று. மேலே இருந்த தங்கப்பனின் பெயரைத் தொடவில்லை. அது அவர் போட்டது, அவர் கணக்கு.

நானூற்றுப் பன்னிரண்டு உறைகள் மூன்று மாவட்டத்தில் எந்தெந்தப் பெட்டிகளில் கிடக்கின்றனவோ தெரியாது. உங்களில் யார் கையிலாவது நீல மையில் என் ஒப்போடு ஒரு காகித உறை இருந்தால், தயவுசெய்து அதை நம்பாதீர்கள். காசை வெளியே எடுத்து, வாங்காத, விற்காத, உங்களுக்கு மாமனோ மச்சானோ இல்லாத ஒருவரிடம் காட்டுங்கள். அவர் முகம் கடுகடுவென்று இருந்தால் இன்னும் நல்லது. கட்டணம் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். நம்முடைய ஆள், நமக்காகச் சும்மா பார்த்துச் சொல்வார் என்று போனீர்களானால்... சும்மா பார்த்ததற்கு என்ன விலை என்று ஞானதாஸைக் கேளுங்கள்.

அன்று நடந்ததை முடித்துவிடுகிறேன்.

ஞானதாஸ் தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். முற்றத்துச் செம்பருத்தியைக் கையால் துழாவி ஒரு பூவைப் பறித்தார். கூட வரட்டுமா என்று கேட்டேன். வழி தெரியும் என்றார். அப்போதுதான் மருமகள் டீயோடு வாசலுக்கு வந்தாள்.

அவர் திரும்பாமலே சொன்னார்: "வேண்டாம் மோளே. சாறு போவட்டு."

முப்பத்தொரு வருஷம் ஒவ்வொரு கடையிலிருந்தும் டீ குடிக்காமல்தான் எழுந்து வந்திருக்கிறேன். அன்றெல்லாம் தொண்டை இப்படி வறண்டதில்லை.